மலையகத்துல ரோ டெனிம்: முதல் ஊறல், உடம்புக்குப் பழக்குறது, துவைக்கிறது, காயவைக்கிறது

தலவாக்கலை_டவுன்
14 அவுன்ஸ் (ஒரு சதுர யார் துணியோட எடை) ரோ டெனிம் ஜீன்ஸ் ஒன்னு, அதாவது நெய்த பிறகு துவைக்காத டெனிம். லேபல்ல அன்சான்ஃபரைஸ்ட்னு (ஆலையில முன்கூட்டியே சுருக்காத துணி) இருக்கு. நாடா வச்சு அளந்தா இடுப்பு 34, உள்கால் 35 அங்குலம். போடப்போற ஆளுக்கு வேண்டியது இடுப்பு 32, உள்கால் 31. இணையத்துல எங்க பார்த்தாலும் "ஆறு மாசம் தண்ணியே காட்டாதே"ங்கிறாங்க. இங்க மழை தொடங்கினா அலுமாரிக்குள்ள இருக்கிற தோல் பெல்டே பூத்துப் போகுது. எவ்வளவு சூட்டுல ஊறப்போடணும், எத்தனை தடவை, எங்க காயப்போடணும், முதல் துவையல் எப்ப? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

ஊசிநூல்
தம்பி, முதல்ல ஒன்னு. காலைச் சின்னதாக்கித் தைக்க இப்பவே டெய்லர்கிட்ட கொடுத்துடாதீங்க. அன்சான்ஃபரைஸ்ட் துணி நீளவாக்குல 7 முதல் 10 சதவீதம் வரைக்கும் சுருங்கும். 35 அங்குலத்துல 10 சதவீதம்னா மூன்றரை அங்குலம், அப்ப மிஞ்சுறது 31½. இப்பவே 31க்கு வெட்டினா ஊறல் முடிஞ்சதும் கணுக்காலுக்கு மேல ஏறி நிக்கும்.

இடுப்புப் பட்டியைப் பெரும்பாலும் பாவு நூல் (துணியோட நீளவாக்கு நூல்) பட்டி நீளத்துக்குப் போற மாதிரிதான் வெட்டுவாங்க. அதனால பட்டியும் சுருங்கும். தொடை, முழங்கால் அகலம் ஊடை நூல் (குறுக்கு நூல்) பக்கம், அங்க சுருக்கம் கம்மி. பட்டி சுருங்கினாலும் போடப் போட ஒரு அங்குலம் வரைக்கும் திரும்ப இளகிக்கொடுக்கும். கால் நீளம் அப்படித் திரும்ப வராது. 34 இடுப்பு 32 ஆளுக்குச் சரியாத்தான் வரும், பயப்பட வேண்டாம்.

ஊறப்போட முன்னுக்கு இடுப்பு, தொடை, முழங்கால், கால்வாய் (ஜீன்ஸ் காலோட அடி வாய்), உள்கால், முன்பக்க உயரம் ஆறையும் அளந்து எழுதி வையுங்க. ரெண்டாவது ஊறலுக்குப் பிறகு திரும்ப அளந்தாத்தான் சுருக்கம் நின்னுட்டுதானு சொல்ல முடியும்.

சாயத்தொட்டி
காரணம் தெரிந்தால் செய்முறை குழப்பாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டெனிமில் பாவு நூல் இண்டிகோ, ஊடை நூல் வெள்ளை. இண்டிகோ தண்ணீரில் கரையாத சாயம். காரம் சேர்த்து ஆக்சிஜனைப் பறித்து அதைக் கரையும் வடிவுக்குக் கொண்டுவருவார்கள். கயிறாகத் திரித்த நூலை அந்தத் தொட்டியில் முக்கி, காற்றில் தூக்கி, திரும்ப முக்குவார்கள். காற்றுப் பட்டதும் சாயம் மறுபடி கரையாத வடிவுக்கு மாறி நூலின் வெளிச்சுற்றில் தங்கிவிடும். நூலின் நடு வெள்ளையாகவே இருக்கும். பருத்தியோடு இண்டிகோவுக்கு வலுவான இரசாயனப் பிணைப்பு கிடையாது. உரசினால் கழரும், உள்ளிருக்கும் வெள்ளை தெரியும். டெனிம் அழகாக வெளுப்பதும் இதனால்தான், வெள்ளைச் சப்பாத்தில் நீலம் ஏறுவதும் இதனால்தான்.

உப்பு, வினாகிரி போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பலர் எழுதுவார்கள். இண்டிகோவில் அது வேலை செய்யாது. வினாகிரியால் வாடை குறையும், அவ்வளவுதான்.

அடுத்தது கஞ்சி. தறியில் பாவு நூல் அறாமல் இருக்கக் கஞ்சி ஏற்றுவார்கள். ரோ டெனிம் அட்டை மாதிரி விறைப்பாக நிற்பது அந்தக் கஞ்சியால். மாவுச்சத்து என்றால் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. வறண்ட ஊரில் அது கேடு செய்யாது. ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை காற்றிலேயே ஈரம் நிற்கிறது. கஞ்சியோடு மடித்து அலுமாரியில் வைத்தால் அந்தத் துணி பூக்கும். மாதக் கணக்கை வைத்து முடிவெடுக்காமல், துணி காயுமா காயாதா என்பதை வைத்து முடிவெடுங்கள். இந்த இழையில் நான் சொல்ல வருவது இது ஒன்றைத்தான்.

ஊவா_காத்து
பாதி ஒத்துக்கிறேன், பாதி இல்லை. கஞ்சி போனா மடிப்பு கூர்மையா நிக்காது. தொடை மேல விழுற மீசைக் கோடும், முழங்காலுக்குப் பின்னால விழுற தேன்கூடும் ஒரே இடத்துல திரும்பத் திரும்ப மடிஞ்சாத்தான் பளிச்சுனு வரும். அந்த மடிப்பைப் பிடிச்சு வைக்கிறது கஞ்சிதான். கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல 2011ல ஒரு மாணவர் 15 மாசம் துவைக்காம உடுத்தின ஜீன்ஸைப் பரிசோதிச்சாங்க. துவைச்சு ரெண்டு கிழமை போட்டதுல இருந்த அளவு பக்டீரியாதான் அதுலயும் இருந்துச்சு. அப்ப சுகாதாரத்துக்காகத் துவைக்கணும்ங்கிற வாதம் நிக்காது.

சாயத்தொட்டி
@ஊவா_காத்து அந்தப் பரிசோதனை எண்ணியது தோலிலிருந்து வரும் பக்டீரியாவை. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் எட்மன்டன் குளிரான, வறண்ட ஊர். கஞ்சியில் வளரும் பூஞ்சணத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. துணி தேய்வதைப் பற்றியும் சொல்லவில்லை. வியர்வை உப்பும் மண் தூளும் நூலுக்குள் உட்கார்ந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அரம் போல நூலை அறுக்கும். கவட்டுத் தையல் முதலில் கிழிவது அதனால்தான். ஏற்றப் படிகளிலேயே நடக்கிறவர்களுக்கு அங்கே உரசல் இன்னும் அதிகம்.

மடிப்புப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அது சான்ஃபரைஸ்ட் துணிக்குப் பொருந்தும். அதை ஆலையிலேயே சுருக்கிவிடுவார்கள், பிறகு 1 முதல் 3 சதவீதம்தான் சுருங்கும். ஊறவைக்காமல் நேராக உடுத்தலாம். இவரிடம் இருப்பது அன்சான்ஃபரைஸ்ட். அதை ஊறவைக்காமல் உடுத்தினால் முதல் துவையலில் மடிப்புகள் எல்லாம் இரண்டு அங்குலம் மேலே ஏறிவிடும். முழங்கால் தேன்கூடு தொடையில் போய் உட்காரும்.

ஊவா_காத்து
அது சரி. அன்சான்ஃபரைஸ்ட்டுக்கு ஊறல் கட்டாயம், ஒத்துக்கிறேன். சான்ஃபரைஸ்ட் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு யோசனை. கஞ்சியோட பழக்கணும்னா அதைத் தொடங்குற மாசத்தைப் பார்த்துத் தொடங்குங்க. பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நல்லாக் காயுற காலம், கச்சான் காத்து அடிச்சா துணி சும்மா சலசலக்கும். அதே மாசங்கள்ல ஹட்டன்ல வெயிலே தெரியாது. மேற்குப் பக்கத்து ஆளுங்க ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் எடுத்துக்கணும். எங்களுக்கு அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் மழை, அப்ப நாங்களும் தொடங்கக்கூடாது.

தலவாக்கலை_டவுன்
லேபல் இல்லாத ஜீன்ஸா இருந்தா எது என்னனு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஊசிநூல்
ரோ தானானு பார்க்க, கால்வாயை உள்பக்கம் திருப்பி ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. கஞ்சி இருந்தா சொட்டு கொஞ்ச நேரம் முத்தா நிக்கும். துவைச்ச துணி உடனே உறிஞ்சிடும்.

சுருங்குமானு பார்க்க, கால் நீளம் எப்படியும் மிஞ்சுதுன்னா அடியில இருந்து 12 செ.மீ. துண்டு ஒன்னு வெட்டி, நீளவாக்குல சரியா 10 செ.மீ.க்கு ரெண்டு கோடு போடுங்க. சுடுதண்ணியில ஒரு மணித்தியாலம் ஊறவச்சு முழுசாக் காயவிட்டு அளந்தா 9.7, 9.8 வந்தா சான்ஃபரைஸ்ட். 9.1, 9.2க்கு இறங்கினா அன்சான்ஃபரைஸ்ட். நீளம் மிஞ்சாத ஜீன்ஸ்ல இதைச் செய்யாதீங்க.

பீலிக்கரை
ஊறல் முறையை நான் சொல்றேன்.

அகலமான பேசின்ல 12 முதல் 15 லீட்டர் தண்ணி வேணும். வாளி குறுகல், துணி மடிஞ்சு கிடக்கும். அந்த மடிப்புல சாயம் கோடு கோடா வெளுத்துடும். பட்டன் எல்லாம் போட்டு, உள்பக்கம் வெளியில வர்ற மாதிரித் திருப்பி, பொக்கற்றுல எதுவும் இல்லாமப் பார்த்துட்டு நீளமா விரிச்சு வையுங்க.

சூடு 50 பாகைக்குக் கிட்ட. வெப்பமானி இல்லைன்னா கலவைக் கணக்கு இருக்கு. நுவரெலியா உயரத்துல தண்ணி 94 பாகையிலயே கொதிச்சுடும், குழாய்த் தண்ணி 15 பாகை அளவுல இருக்கும். கொதி தண்ணி ஒரு பங்கு, பச்சைத் தண்ணி ஒரு பங்குன்னா 54 வரும். ஒன்னுக்கு ரெண்டுன்னா 41. கண்டியில தண்ணி 98ல கொதிக்கும், குழாய்த் தண்ணியும் அவ்வளவு குளிரில்லை, அங்க ஒன்னுக்கு ரெண்டு கலந்தாலே 48, 49 வந்துடும். கலந்து முடிச்ச பிறகு துணியைப் போடுங்க. துணி மேல கொதி தண்ணியை ஊத்தினா பட்ட இடம் மட்டும் சுருங்கும்.

காலுக்குள்ள காத்து நின்னு துணி மிதக்கும். அமுக்கிக் காத்தை வெளியேத்திட்டு மேல பீங்கான் தட்டு, அதுக்கு மேல சுத்தமான கல்லு ஒன்னு. தண்ணி நிரப்பின போத்தலை வச்சுப் பிரயோசனமில்லை, தண்ணிக்குள்ள அது பாரம் காட்டாது. இரும்புச் சாமான் வேண்டவே வேண்டாம், துரு இறங்கும்.

45 நிமிஷத்துல இருந்து ஒரு மணித்தியாலம். 10 நிமிஷத்துக்கு ஒருக்கா மெதுவாப் புரட்டுங்க. முதல் தண்ணியில சவர்க்காரம் போட வேண்டாம். தண்ணி மஞ்சளும் நீலமும் கலந்து கொழகொழனு வரும், அதுல பாதி கஞ்சி. ஊத்திட்டுப் பச்சைத் தண்ணியில ரெண்டு தரம் அலசுங்க. முறுக்கிப் பிழியக்கூடாது.

முழுசாக் காய்ஞ்ச பிறகு அதே மாதிரி ரெண்டாவது ஊறல். சுருக்கத்துல பெரும்பங்கு முதல் தடவையில வந்துடும், மிச்சம் ரெண்டாவதுல. இடுப்புல தோல் பட்டை வச்சுத் தைச்சிருந்தா அதுல முன்கூட்டியே தோல் கிரீம் கொஞ்சம் தேய்ச்சுடுங்க. சூடு கூடினா அது சுருங்கி விறைச்சுப்போகும்.

தலவாக்கலை_டவுன்
ரொம்ப நன்றி அக்கா. காயவைக்கிறதுதான் இங்க பெரிய பாடு.

பீலிக்கரை
சதுர யாருக்கு 14 அவுன்ஸ்னா ஒரு சதுர மீட்டர் துணி 475 கிராம். முழு ஜீன்ஸ் முக்கால் கிலோவுக்கு மேல நிக்கும், ஈரத்தோட அதைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல. அந்த ஈரத்தை மூடுபனிக்குள்ள கொடியில தொங்கவிட்டா ரெண்டு மூனு நாள் போனாலும் பட்டியும் பொக்கற்றும் காயாது. நாறுறது துவைச்சதால இல்லை, மெதுவாக் காயுறதால.

அதனால தொங்கவிட முன்னுக்கே தண்ணியை எடுக்கணும். வோஷிங் மெஷின் இருந்தா ஸ்பின் மட்டும், நிமிஷத்துக்கு 600 சுற்றுக்கு மேல வேண்டாம், ரெண்டு மூனு நிமிஷம். அதுக்கு மேல சுத்தினா மடிஞ்ச இடத்துல நரம்பு மாதிரி வெள்ளைக் கோடு விழும், பிறகு போகாது. மெஷின் இல்லைன்னா தடிச்ச காய்ஞ்ச துவாய் ரெண்டு எடுத்து, ஒன்னு மேல ஜீன்ஸை விரிச்சு, பாயைச் சுருட்டுற மாதிரிச் சுருட்டி, மேல ஏறி நின்னு மிதிங்க. துவாயை மாத்தி இன்னொரு தரம்.

உள்பக்கம் வெளியில இருக்கட்டும், பொக்கற்றுத் துணியை வெளியில இழுத்து விடுங்க. இடுப்பை வாய் திறந்தபடி நாலு இடத்துல கிளிப் போட்டா காத்து காலுக்குள்ள இறங்கும். நைலோன் கயிறு நல்லது, துருப்பிடிச்ச கம்பி வேண்டாம். வீட்டுக்குள்ளன்னா ஃபேனை எட்ட வச்சு பட்டிக்கு நேரா விடுங்க.

விறகடுப்புக்கு மேல கட்டாதீங்க. புகை ஏறும், சூடு பட்ட பக்கம் மட்டும் இறுகும்.

கண்டி_வீதி
நேரடி வெயில் கூடாது என்கிறார்களே, அதுவும் உண்மையா?

சாயத்தொட்டி
உண்மைதான், மணிக்கணக்காகக் கிடந்தால் சீராக, சோபையில்லாமல் வெளுக்கும். மலையில் புற ஊதாக்கதிர் கூடுதல். ஆனால் உள்பக்கம் வெளியே இருந்தால் காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டுப் பெரிய சேதம் வராது. நிழலில் மூன்று நாள் ஈரமாகக் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஊசிநூல்
பழக்குறது பற்றி. குளிர்ந்த தண்ணியோட உடுத்தி உடம்புலயே காயவைக்கிற பழக்கம் வெப்பமான ஊருக்குச் சரி. 15 பாகைக் குளிர்ல அதைச் செய்ய வேண்டாம். முக்காலே அரைக்கால்வாசி காய்ஞ்சு, பட்டியில மட்டும் லேசா ஈரம் இருக்கும்போது போட்டு ஒன்னு ரெண்டு மணித்தியாலம் நடங்க, குந்துங்க, படி ஏறுங்க. பட்டி உங்க இடுப்புக்கு ஏத்த மாதிரி இளகும். மேல் பட்டன் போட முடியலைன்னா பலவந்தமா இழுக்காதீங்க, பட்டன் அடியில இருக்கிற துணி கிழியும். பட்டியில அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணியால நனைச்சு, ரெண்டு கையால மெதுவா இழுத்துப் பிடிச்சுட்டுப் போடுங்க.

முதல் ரெண்டு கிழமை வீட்டுல நாளைக்கு ரெண்டு மூனு மணித்தியாலம் போதும். போன், சில்லறை எல்லாம் எப்பவும் ஒரே பொக்கற்றுல வச்சா அந்த அச்சு விழும். விருப்பம்னா வையுங்க, இல்லைன்னா மாத்தி மாத்தி வையுங்க.

கால் லேசா முறுகி, வெளித்தையல் முன்பக்கம் வந்தா அது பழுது இல்லை. சரிவு நெசவுத் துணியை ஆலையில நேராக்காம விட்டா ஊறினதும் அப்படித்தான் திரும்பும். பிரிச்சுத் தைக்கப் போகாதீங்க.

கண்டி_வீதி
பஸ் சீட், வெள்ளைச் சட்டை?

சாயத்தொட்டி
இரண்டு ஊறலுக்குப் பிறகும் முதல் சில மாதம் நீலம் கழரும். மழையில் நனைந்த ஜீன்ஸோடு வெளிர் நிற சீட்டில் உட்கார வேண்டாம், ஈரத்தோடு உரசினால் இன்னும் அதிகம் ஏறும். பள்ளிக்கூட வெள்ளைச் சீருடையோடு ஒரே பேசினில் ஒருபோதும் போடாதீர்கள். வெள்ளைப் பருத்தியில் ஏறிவிட்டால் குளோரின் வெளுப்பான் எடுக்கும். அதில் ஒரு சொட்டு ஜீன்ஸில் பட்டால் வெளிறிய புள்ளி நிரந்தரம், நூலும் பலவீனப்படும்.

தலவாக்கலை_டவுன்
முதல் துவையலுக்கு என்ன சவர்க்காரம்? எத்தனை நாளைக்கு ஒருக்கா?

பீலிக்கரை
மேற்குப் பக்கத்து ஈரத்துக்கு, தினமும் உடுத்துற ஜீன்ஸ்னா 30, 40 நாளைக்கு ஒருக்கா. வாடை வந்தாலோ உள்தொடை உப்புப் பிடிச்சு விறைச்சாலோ அதுக்கு முன்னுக்கே. ஃப்ரீசர்ல வைக்கிறது வேண்டாம். மைனஸ் 18ல பக்டீரியா அடங்கிக் கிடக்கும், உடம்புச் சூடு பட்டதும் திரும்ப வேலையைத் தொடங்கும்.

30 பாகைத் தண்ணி 10 லீட்டருக்குத் திரவச் சவர்க்காரம் ஒரு மேசைக்கரண்டி. அதுக்கு மேல வேண்டாம். யாழ்ப்பாணக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுத் தண்ணி, கடினம், அங்க சவர்க்காரம் கூடுதலாத் தேவைப்படும். நம்ம ஊற்றுத் தண்ணி மென்மை. கொஞ்சம் போட்டாலே நுரை பொங்கும், ஆனா அலச மூனு நாலு தண்ணி போகும். சவர்க்காரம் தங்கினா துணி பிசுபிசுத்து ஈரத்தை இழுக்கும்.

20 நிமிஷம் ஊறவச்சு, கையால அமுக்கி அமுக்கி எடுங்க. பீலிக்கரைக் கல்லுல அடிக்கிறது, பிரஷ் போடுறது, கட்டிச் சவர்க்காரத்தை நேராத் தேய்க்கிறது எல்லாம் திட்டுத்திட்டா வெளுக்க வைக்கும்.

சாயத்தொட்டி
சவர்க்காரம் வாங்கும்போது இரண்டைத் தவிர்க்கவும். ஒன்று வெண்மையூட்டி. பெரும்பாலான சலவைத் தூளில் இருக்கும், நீலத்தின் மேல் சாம்பல் பூத்த மாதிரி காட்டும். கடைகளில் நோட்டுப் பார்க்கும் ஊதா லைட் இருக்கிறதே, தூளைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கரைத்து இருட்டில் அந்த லைட்டைப் பிடியுங்கள். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி இருக்கிறது. மற்றது செலுலேஸ் நொதியம். துணியைப் புதிது போலக் காட்ட மேல் நாரைத் தின்னும் நொதியம் அது. ஆலைகளில் ஜீன்ஸைப் பழசாக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஊவா_காத்து
தோட்டத்துக்குள்ள இறங்குறவங்களுக்கு அட்டைக் கடி இரத்தம், தேயிலைக் கறை, செம்மண் மூனுக்கும் ஒரு வழி சொல்லுங்க அக்கா.

பீலிக்கரை
இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணி மட்டும். சுடுதண்ணி பட்டா நூலோட வெந்து ஒட்டிக்கும். அரை லீட்டர்ல ஒரு மேசைக்கரண்டி உப்புக் கரைச்சு, பின்பக்கத்துல இருந்து ஒத்தி ஒத்தி எடுங்க. அட்டை கடிச்ச இடம் இரத்தம் உறையாம கசிஞ்சுகிட்டே இருக்கும். காயத்தைக் கட்டிட்டு ஜீன்ஸைப் பாருங்க. அட்டைக்காகச் சவர்க்காரம் பூசுறவங்க கால்வாய்ல பூசாம காலுறையில பூசுங்க.

செம்மண் ஈரமா இருக்கும்போது கையே வைக்காதீங்க. முழுசாக் காயட்டும், தட்டிவிட்டா முக்கால்வாசி உதிரும். தேயிலைச் சாயம் உடனே தண்ணியில அலசினாப் போயிடும். இரும்போட சேர்ந்தா அந்தச் சாயம் கறுப்பாகிடும். செம்பு முலாம் பூசின இரும்பு ரிவெட்டை (பொக்கற்று மூலையில இருக்கிற ஆணி) சுத்தி வர்ற கறுப்பு வளையம் அதுதான். துவைச்ச பிறகு ரிவெட்டையும் பட்டனையும் துணியால ஒத்தி ஈரம் எடுத்துடுங்க.

தலவாக்கலை_டவுன்
கடைசியா ரெண்டு. பூஞ்சணம் வந்துட்டா என்ன செய்யலாம்? கவடு தேயத் தொடங்கினா எப்பத் தைக்கணும்?

சாயத்தொட்டி
வெள்ளைப் பூ மட்டும் என்றால், மூக்கை மூடிக்கொண்டு வெளியில் வைத்து மெல்லிய பிரஷால் தட்டிவிட்டு, 40 பாகையில் சவர்க்காரம் போட்டுத் துவைத்து முழுதாகக் காயவையுங்கள். கரும்புள்ளி விழுந்திருந்தால் அந்த நிறம் போகாது. வெளுப்பான் போட்டால் இண்டிகோவும் சேர்ந்து போகும். மழைக் காலத்தில் அலுமாரியில் மடித்து வைக்காமல் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள்.

ஊசிநூல்
கவட்டை வெளிச்சத்துக்கு நேராப் பிடிங்க. நீலப் பாவு நூல் போய் வெள்ளை ஊடை மட்டும் வலை மாதிரித் தெரிஞ்சா உடனே கொடுங்க, ஓட்டை விழுற வரைக்கும் பார்த்துட்டு இருக்காதீங்க. துவைச்சுக் காயவச்சுத்தான் கொடுக்கணும், அழுக்கு இருந்தா ஊசி தடக்கும்.

உள்பக்கம் 7, 8 அவுன்ஸ் மெல்லிய பழைய டெனிம் துண்டு, தேய்ஞ்ச இடத்தைவிட நாலு பக்கமும் 2 செ.மீ. கூடுதலா. துண்டோட ஓரத்தை மடிக்க வேண்டாம், மடிச்சா தொடையில உரசும். சாதாரண தையல் மெஷின்ல 100 நம்பர் ஊசி, தையல் தடிச்ச இடத்துல 110. பருத்தி சுத்தின பொலியெஸ்டர் நூல், துணியோட இப்போதைய நிறத்துக்கு. பாவு நூல் போற திசையிலயே முன்னும் பின்னுமா நெருக்கமா ஓட்டணும். குறுக்க ஓட்டினா விறைச்சுப்போய் பக்கத்துல கிழியும். அயன் பண்ணி ஒட்டுற துண்டும் அதே காரணத்தால வேண்டாம், பசை நின்ன ஓரத்துல துணி அறும்.

கால் அடி மடிக்கிறது ரெண்டாவது ஊறல் காய்ஞ்ச பிறகு. போட்டுக்கொண்டு, வழக்கமாப் போடுற சப்பாத்தோட நின்னு அளவெடுக்கணும். முழங்கால் பின்னால மடிப்பு விழுந்ததும் கால் ஒரு அரை அங்குலம் மேல ஏறும், அதையும் சேர்த்து விடச் சொல்லுங்க.

தலவாக்கலை_டவுன்
மழை அடிக்கத் தொடங்கிட்டுது. இப்பவே ஊறப்போடவா, ஜனவரி வரைக்கும் வைக்கவா?

சாயத்தொட்டி
உங்களுடையது அன்சான்ஃபரைஸ்ட், எப்படியும் கஞ்சி போகத்தான் வேண்டும். ஸ்பின்னும் ஃபேனும் இருந்தால் இந்தக் கிழமையே ஊறவையுங்கள். கஞ்சியோடு நாலைந்து மாத மழையைத் தாண்டுவதுதான் ஆபத்து. ஒரு ஊறலுக்கும் அடுத்ததற்கும் இடையில் பட்டியின் உள்மடிப்பைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் இன்னும் காயவில்லை, பொறுங்கள்.

ஊவா_காத்து
ஸ்பின் இல்லைன்னா ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைப் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்குக் கொண்டு வாங்க. ஜூலைக் காத்துல ஒரே நாள்ல காயும்.

தலவாக்கலை_டவுன்
மெஷின் இருக்கு. அளவு ஆறையும் எழுதி வச்சாச்சு, நாளைக்குக் காலையில பேசின்ல போடுறேன். ரெண்டாவது ஊறல் காய்ஞ்சதும் புது அளவை இங்கேயே போடுறேன், கால் எவ்வளவு வெட்டலாம்னு ஊசிநூல் அண்ணே பார்த்துச் சொல்லுங்க.